குலமுதலைக் கூவி விற்பதோ?

ஏலம் என்னும் சொல் தமிழில் இரண்டு உண்டு. ஒன்று மணப்பொருள், நம் மலையில் விளைந்தது, நம் மொழியில் பிறந்தது. மற்றொன்று, பொருளை நடுவில் வைத்து விலையை ஏற்றி ஏற்றிக் கூவி விற்கும் முறை. அது போர்த்துகீசியர் வாய்ச்சொல்லின் திரிபு. மிளகையும் ஏலத்தையும் கொள்ள வந்தவர்கள் அந்த ஏலத்தை ஏற்றிச் சென்றார்கள். இந்த ஏலத்தை இறக்கிச் சென்றார்கள்! சொல்லோடு செயலும் நின்றுவிட்டது. அவர்கட்குப் பின் வந்த ஆங்கிலர் அச்செயலைப் பெருந்தொழிலாக்கினர். இன்று இலண்டனிலும் நியூயார்க்கிலும் ஆங்காங்கிலும் சுத்தியலைத் தட்டி, 'ஒருதரம், இருதரம், மூன்றுதரம்' என்று நம் முன்னோர் உடைமைகளை விற்றுத் தீர்க்கின்றனர்.

நமக்கு இம்முறை அறியாதது அன்று. சோழர் காலக் கல்வெட்டுகளில் 'பெருவிலை' என்றொரு சொல் வழங்கக் காண்கிறோம். 'இராசராசப் பெருவிலை', 'சண்டேசுவரப் பெருவிலை' என்று அரசின் பெயராலும் கோயிலின் பெயராலும் ஊரறிய நிலங்களை விற்றனர். அவ்விற்பனையில் விற்பார் இன்னார், கொள்வார் இன்னார், நிலத்தின் நான்கெல்லை இன்னின்ன, விலை இவ்வளவு என்று யாவும் வெளிப்படையாய்க் கூறப்பெற்றன. கூறியது கல்லில் வெட்டப்பெற்றது. ஆயிரம் ஆண்டு கழித்து இன்று நாம் படித்தாலும் அந்நிலம் யாருடையதாய் இருந்தது, யாரிடம் சென்றது என்று தெரிகிறது.

அயலாரின் இற்றை ஏலத்தை அதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். விற்பவர் பெயர் மறைவு. பொருள் எடுக்கப்பெற்ற ஊர் மறைவு. எடுத்த நாள் மறைவு. வாங்கியவர் பெயரும் பல நேரங்களில் மறைவு. விலை ஒன்றே வெளிச்சம்! தமிழன் வகுத்த பெருவிலையில் மறைக்கப்படாதவை எல்லாம் இவ்வேலத்தில் மறைக்கப்படுகின்றன. ஏன் மறைக்கின்றனர்? வெளிச்சத்தில் வைத்தால் விற்க முடியாது என்பதனால் அன்றோ?

ஏலக் கூடத்தின் சூழ்ச்சி

பழம்பொருள் ஏலம் எவ்வாறு நடைபெறுகின்றது என்பதை நம் மக்கள் அறிந்துகொள்ளல் வேண்டும். ஏல நிலையம் பொருளுக்குச் சொந்தக்காரன் அன்று, அது தரகன். விற்பவனிடத்தும் கூலி பெறும். வாங்குபவனிடத்தும் விலைக்குமேல் ஏறத்தாழக் காற்பங்கு கூலியாகப் பெறும். ஆகவே விலை ஏறஏற அதன் வயிறு நிறையும். ஏலத்திற்கு முன் வழுவழுப்பான தாளில் வண்ணப் படங்களோடு ஒரு பட்டியல் அச்சிடுவர். அதில் 'தென்னிந்தியா, பதினோராம் நூற்றாண்டு, செம்பு' என்று எழுதி, 'ஐரோப்பியச் செல்வர் ஒருவரின் தொகுப்பிலிருந்து' என்று அடியில் ஒரு வரி சேர்ப்பர். எந்த ஊர்? எந்தக் கோயில்? எந்த வயல்? ஒரு சொல்லும் இராது. 'தென்னிந்தியா' என்னும் ஊர் எங்கே இருக்கின்றது? அவ்வூருக்கு எந்தப் பேருந்தில் ஏறிப் போவது?

இதில்தான் சூழ்ச்சி. நேற்றுவரை களவுப் பொருளாய் இருந்தது, ஒருமுறை ஏலக் கூடத்தின் வாயிலில் நுழைந்து வெளிவந்தால் பிறப்புச் சான்று பெற்றுவிடுகின்றது. அடுத்து வாங்குபவன், 'யான் திருடனிடத்து வாங்கவில்லை; பெயர்பெற்ற ஏலத்தில் வாங்கினேன்' என்பான். அவனிடத்திலிருந்து அருங்காட்சியகம் வாங்கும். அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பேழைக்குள் புகுந்துவிட்டால், அப்பொருளின் ஊரும் உறவும் கேட்பாரில்லை. ஆற்றில் அழுக்குத் துணியை நனைத்தெடுப்பது போல, ஏலத்தில் களவை நனைத்தெடுக்கின்றனர்.

இது வெற்றுரை அன்று. ஆக்சுபோர்டுப் பல்கலைக்கழகத்தின் ஆசுமோலியன் அருங்காட்சியகத்தில் திருமங்கையாழ்வாரின் செப்புத் திருமேனி ஒன்று இருந்தது. பதினாறாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஏறத்தாழ இரண்டடி உயரம். அதை அவர்கள் எங்கே வாங்கினர்? 1967ஆம் ஆண்டில் இலண்டன் சோதபி ஏலத்தில் வாங்கினர். பெல்மாண்டு என்பாரின் தொகுப்பிலிருந்து வந்ததென்று குறிப்பும் இருந்தது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் அது ஐயமின்றி நின்றது. பின்னர் ஓர் ஆய்வாளர், புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் நிழற்படத் தொகுப்பைப் புரட்டுகையில், 1957ஆம் ஆண்டில் குடந்தையை அடுத்த சுந்தரபெருமாள் கோயிலில் எடுத்த படத்தில் அதே திருமேனியைக் கண்டார். 1957இல் கோயிலில் இருந்தது, 1967இல் ஏலத்தில் இருந்தது! பழம்பொருள்களை இசைவின்றி நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோகக் கூடாதென்று 1947ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டிருந்தது. அச்சட்டம் இருந்தது, காவல் இருந்தது, துறைமுகத்தில் ஆய்வு இருந்தது. ஆழ்வார் மட்டும் இல்லை!

2020இல் இந்தியத் தரப்பினர் அத்திருமேனியைக் கோரினர். 2024இல் அதைத் திருப்பித்தர அப்பல்கலைக்கழகம் இசைந்தது. எதனால் இசைந்தது? ஒரே ஒரு நிழற்படத்தால். அப்படம் இல்லையேல் ஏலப் பட்டியலின் ஒரு வரியே என்றைக்கும் உண்மையாய் நின்றிருக்கும். இதை நெஞ்சில் நிறுத்துங்கள். பின்னர் இதனிடத்துத் திரும்பி வருவோம்.

மதுரைக் கல்மண்டபம் கடல்கடந்த கதை

பிற ஊர்களை விடுவோம், மதுரைக்கு வருவோம். மதுரை மேலமாசி வீதியில் மதனகோபாலர் கோயில் இருக்கின்றது. அக்கோயிலைச் சேர்ந்த கல்மண்டபம் ஒன்று, நாயக்கர் காலத்துத் தச்சர் செதுக்கியது, பிரிக்கப்பட்டுக் கற்குவியலாய்க் கிடந்தது. 1912ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்திலிருந்து அடலின் பெப்பர் கிப்சன் என்னும் செல்வப் பெண்மணி மதுரைக்கு வந்தார். அக்கற்களைப் பார்த்தார், விலைபேசினார், அறுபதுக்கும் மேற்பட்ட கற்களைக் கப்பலேற்றிக் கொண்டுபோனார். அவர் 1919இல் இறந்தபின் அவர் குடும்பத்தார் அவற்றை அந்நகர அருங்காட்சியகத்திற்குக் கொடுத்தனர். ஆங்கு அவற்றை நிறுத்தி ஒரு மண்டபமாய் ஆக்கினர். 1940இல் நார்மன் பிரவுன் என்னும் பேராசிரியர் அம்மண்டபத்தைப் பற்றித் தனி நூலே எழுதினார். இன்றும் அந்நகரத்துப் பள்ளிச் சிறுவர்கள் அத்தூண்களிடையே நடந்து, மதுரையைப் பாடமாய்ப் படிக்கின்றனர்.

மேலமாசி வீதியில் நாள்தோறும் நடக்கின்ற மதுரை மாணவனைக் கேட்டுப் பாருங்கள்: 'தம்பி, உன் தெருவின் கல்மண்டபம் ஒன்று அமெரிக்காவில் நிற்பது தெரியுமா?' என்று. தெரியாது என்பான். அவன்மீது குற்றம் இல்லை. அவனுக்கு யார் சொன்னார்கள்?

இவ்விற்பனையில் திருட்டு இல்லை என்பர். விலைக்கு வாங்கினார், விலைக்கு விற்றனர் என்பர். இருக்கட்டும். யாம் அப்பெண்மணியைக் குறைகூற வரவில்லை. கேட்பாரற்றுக் கிடந்ததை அவர் போற்றினார். யாம் கேட்பது வேறு: விற்றவனுக்கு அதை விற்கும் உரிமை யார் கொடுத்தது? அம்மண்டபத்தைச் செதுக்கிய தச்சன் கொடுத்தானா? கல் சுமந்த கூலியாள் கொடுத்தானா? அதன் நிழலில் மூன்றரை நூற்றாண்டு ஒதுங்கிய ஊர்மக்கள் கொடுத்தார்களா? ஊர்ப்பொதுவை ஒருவன் கையொப்பத்தில் விற்க முடியுமானால், இனி ஊரில் பொது என்று எஞ்சுவது எது?

பாண்டிய நாட்டின் தென்கோடியில் நடந்ததையும் கேளுங்கள். கல்லிடைக்குறிச்சியில் குலசேகரமுடையார் கோயில். 1982ஆம் ஆண்டில் அங்கிருந்து ஆடவல்லான் திருமேனி உள்ளிட்ட செப்புப் படிமங்கள் களவு போயின. கண்டுபிடிக்க இயலவில்லை என்று வழக்கைக் கட்டிவைத்தனர். 2001இல் அந்த ஆடவல்லானை ஆத்திரேலியாவின் அடிலெய்டு நகரக் கலைக்கூடம் விலைக்கு வாங்கியது. 2019இல்தான் அது திரும்பியது. முப்பத்தேழு ஆண்டு! களவு நடந்த அன்று பிறந்த குழந்தைக்கு அதற்குள் பிள்ளை பிறந்து பள்ளிக்கும் சென்றிருக்கும். சிரீபுரந்தான் ஆடவல்லானை 2008இல் ஆத்திரேலியத் தேசியக் கலைக்கூடத்திற்கு ஐம்பது இலக்கம் அமெரிக்க டாலருக்கு விற்றவர் நியூயார்க்கு வணிகர் சுபாசு கபூர். அவர் 2011இல் செருமனியில் பிடிபட்டார்; ஆடவல்லான் 2014இல் திரும்பியது; குடந்தை வழக்குமன்றம் 2022இல்தான் அவருக்குப் பத்தாண்டுச் சிறை விதித்தது. சிவபுரத்து ஆடவல்லானோ, பழுதுபார்க்க 1954இல் கொடுக்கப்பட்டது. கோயிலுக்குத் திரும்பியது போலி. மெய்யானது அமெரிக்காவுக்குப் போய், 1986இல் மீண்டது.

கடவுட்பற்று உடையார்க்கு இவை கடவுள். அப்பற்று இல்லார்க்கும் இவை முன்னோர் கைவினை. மெழுகில் வடித்து, மண்ணில் பொதிந்து, உருக்கிய ஐம்பொன்னை ஊற்றி, மண்ணையுடைத்து எடுத்த ஒற்றைப் படைப்பு. அம்முறையில் ஒரு வார்ப்பிலிருந்து மற்றொன்று எடுக்க முடியாது. ஆகவே ஒன்று போனால் ஒன்று போனதுதான். எத்தனை இலக்கம் கொடுத்தாலும் ஈடில்லை.

ஏலம் மதிக்காததும் வரலாறு மதிப்பதும்

ஏலக்காரன் மதிப்புக்கும் வரலாற்றின் மதிப்புக்கும் உள்ள வேறுபாட்டை மதுரைப் பக்கத்திலேயே காட்டுவோம்.

வைகை மணலில் பழங்காசுகள் கிடைப்பதுண்டு. மணலை அலசிக் காசு பொறுக்குவோர், அவற்றை எடைக்கோ சில்லறைக்கோ வணிகரிடம் கொடுப்பர். அவை கைமாறிக் கைமாறி, மும்பையிலோ பெங்களூரிலோ நடக்கும் காசு ஏலத்தில் ஒரு வரியாய் முடியும். நூறாண்டுக்கு முன்னும் இத்தகைய காசுகள் மதுரையில் கிடைத்தன. சென்னை மாகாணத்தில் பணியாற்றிய இராபர்ட்டு சூயல் என்னும் ஆங்கிலர், இந்தியாவில் கிடைத்த உரோமக் காசுகளைப் பற்றி 1904இல் ஒரு கட்டுரை எழுதினார். மதுரையின் ஆற்றுமணலிலும் நகரின் பல இடங்களிலும் மிகச் சிறிய உரோமச் செப்புக்காசுகள் கிடைப்பதை அவர் எடுத்துக்காட்டினார். பொற்காசு வணிகத்தில் வரும்; சல்லிக்காசு கடல்கடந்து வணிகத்திற்கு வராது; அன்றாடச் செலவுக்கே வரும். எனவே உரோம நாட்டுத் தொடர்புடையோர் மதுரையில் குடியிருந்திருத்தல் வேண்டும் என்று அவர் கருதினார். அவர் கருத்தை ஏற்பதும் மறுப்பதும் ஆய்வாளர் வேலை. யாம் சுட்டுவது ஒன்றே: அவ்வாராய்ச்சிக்கு அடிப்படை காசு அன்று, காசு கிடந்த இடம்! 'மதுரை' என்னும் அவ்வொரு சொல் இல்லையேல் அவை தேய்ந்த செப்புத் துண்டுகளே.

இனிக் கீழடிக்கு வாருங்கள். மதுரைக்குத் தென்கிழக்கே, வைகைக் கரையில், தென்னந்தோப்புகளுக்கு அடியில் கிடந்தது ஒரு பழநகர். 1970களில் அவ்வூர்ப் பள்ளியின் வரலாற்றாசிரியர் ஒருவர், மாணவர்கள் கொண்டுவந்து காட்டிய பழம்பொருள்களை விற்கவில்லை, வீட்டுப் பேழையில் பூட்டவுமில்லை, துறையினர்க்குத் தெரிவித்தார். 2015இல் நடுவணரசின் தொல்லியல் துறை அகழத் தொடங்கியது. பின்னர்த் தமிழக அரசின் துறை தொடர்ந்தது. 2018ஆம் ஆண்டு அகழ்வில் தமிழி எழுத்துப் பொறித்த ஐம்பத்தாறு பானையோடுகள் கிடைத்தன. 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த கரியை ஆய்ந்ததில் அதன் காலம் கி.மு. 580 என்று வந்தது. தமிழ் எழுத்தின் பழமையைக் கி.மு. ஆறாம் நூற்றாண்டுக்குக் கொண்டுசென்றது அவ்வாய்வு.

அவ்வோடுகளை ஓர் ஏலக் கூடத்தில் வைத்தால் யார் வாங்குவார்? 'ஆதன்' என்று கீறிய உடைந்த சட்டி! ஐந்து உருபா கொடுப்பாரும் இரார். ஆனால் ஆதன் என்பான் ஒருவன், வணிகனோ உழவனோ குயவனோ, தன் பானையில் தன் பெயரைத் தன் எழுத்தில் எழுதினான் என்பது, இரண்டாயிரத்தைந்நூறு ஆண்டுகட்கு முன் எளிய தமிழனுக்கும் எழுத்தறிவு இருந்ததென்பதற்குச் சான்று. அச்சான்றைத் தந்தது ஓடா? ஓடும், அது கிடந்த ஆழமும், அதன் பக்கத்தில் கிடந்த கரியும் ஆகிய மூன்றும் சேர்ந்து தந்தன. அவ்வோட்டை ஒருவன் கடப்பாரையால் நெம்பியெடுத்துச் சந்தையில் விற்றிருந்தால் அது வெறும் ஓடு. மண்ணடுக்கில் இருந்தபடியே ஆய்வாளன் கண்டதனால் அது வரலாறு.

ஏலத்தின் பெருங்கேடு இதுவே. பொருளை மட்டும் அது கொண்டுபோகவில்லை. பொருளின் நாவை அறுத்துவிட்டுக் கொண்டுபோகின்றது. பிறந்த மண்ணிலிருந்து பிடுங்கப்பட்ட பொருள் ஊமை. திரும்பி வந்தாலும் அது முழுவதும் பேசாது. பெயரையும் ஊரையும் மறந்துவிட்ட முதியவளைக் கண்டுபிடித்து வீட்டுக்கு அழைத்து வந்தாற் போன்றது அது.

'அங்கே இருந்தால் காப்பாக இருக்கின்றதே' என்பார்க்கு

நம்மவருள்ளும் சிலர் கூறுவர்: 'இங்கே இருந்தால் சுண்ணாம்பு அடித்துக் கெடுப்பர், எண்ணெய் வடித்து அழிப்பர், திருடர் கொண்டுபோவர். வெள்ளைக்காரன் கண்ணாடிக்குள் வைத்துக் காக்கின்றான், போகட்டுமே' என்று.

முதற்பகுதி உண்மை, மறுக்கவில்லை. கல்வெட்டின் மேல் வண்ணம் பூசுவோர் உளர். திருப்பணி என்ற பெயரில் மணல்வீச்சுப் பொறியால் சிற்பத்தின் மூக்கையும் விழியையும் தேய்த்தோர் உளர். பழங்கல்லைப் பெயர்த்தெறிந்துவிட்டு வழுக்குத் தரை போட்டோர் உளர். களவுக்குத் துணைநின்றோரும் நம்மவரே. வேலி பயிரை மேய்ந்தது. அவ்வேலியைப் பிடுங்கி எறியத்தான் வேண்டும். ஆனால் வேலி மேய்ந்துவிட்டதென்று வயலையே அயலானுக்கு எழுதிக் கொடுப்பாருண்டா?

இரண்டாம் பகுதி பொய். 'காக்கின்றான்' என்கின்ற அவனே களவைத் தூண்டுகின்றான். வாங்குவான் இல்லையேல் திருடுவான் ஏது? சிற்றூர்க் கோயிலின் பூட்டை உடைப்பவனுக்குக் கிடைப்பது சில ஆயிரம். அப்பொருள் கடல்கடந்து ஏலமேறினால் இலக்கக் கணக்கில் டாலர். பூட்டை உடைத்த கை இங்கே. உடைக்கச் சொன்ன காசு அங்கே. கண்ணாடிப் பேழை காப்பறை அன்று. களவுக்கு அளிக்கும் பரிசு.

வேறொரு கூற்றும் உண்டு: தம் பாட்டன் பூட்டன் சேர்த்ததைத் தாம் விற்பதில் என்ன தவறு என்பது. காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவுக்குச் சென்றால் செட்டிநாட்டு வீடுகளின் கதவும், நிலையும், தூணும், பித்தளைக் குடமும், பளிங்கு விளக்கும் விலைக்கு அடுக்கப்பட்டிருப்பதைக் காணலாம். பருமாத் தேக்கில் இழைத்த வீட்டைப் பிரித்துத் தூண்தூணாய் விற்கின்றனர். அவர்தம் சொந்த உடைமை. சட்டத்திற்கு மாறானதும் அன்று. தங்கள் வீட்டை விற்பாரை யாம் தடுக்க இயலாது. அவ்வீட்டைப் பேண முடியாத அவர்தம் துன்பத்தையும் அறிவோம். ஆயினும் தூண் ஒருவனிடத்தும், கதவு ஒருவனிடத்தும், நிலை ஒருவனிடத்தும் போய்ச் சேர்ந்தபின், அவ்வீட்டைக் கட்டிய தச்சுமுறையை நாளை எங்கே கற்போம்? விற்பதற்கு முன் அளந்து, படமெடுத்து, எழுதி வைத்தலேனும் வேண்டாவோ?

நடுவணர் யார் பொருளுக்கு விழிப்பர்?

ஏலத்தைத் தடுக்க முடியாது என்று கைவிரிப்பார்க்கு ஓர் எடுத்துக்காட்டு. 1898ஆம் ஆண்டில் இன்றைய உத்தரப்பிரதேசத்தின் பிப்ராவா என்னும் இடத்தில், புத்தரின் எலும்பெச்சங்களோடு புதைக்கப்பட்ட மணிகளை வில்லியம் பெப்பே என்னும் ஆங்கிலப் பண்ணையார் தோண்டியெடுத்தார். அவர்தம் வழித்தோன்றல்கள் தம் பங்கில் இருந்த மணிகளை 2025 மே 7ஆம் நாள் ஆங்காங்குச் சோதபியில் ஏலம்விட முனைந்தனர். இந்திய நடுவணரசு சட்ட அறிவிப்பு விடுத்தது. ஏலம் நின்றது. கோத்ரேசு குழுமத்தார் அவற்றை விலைக்கு வாங்க, சூலைத் திங்களில் அவை நாடு திரும்பின.

நன்று, வரவேற்கின்றோம். புத்தர் எங்கட்கும் பெரியோர். ஆனால் நடுவணரசு முனைந்தால் ஏலத்தை இரண்டே நாளில் நிறுத்த முடியும் என்பது மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது அன்றோ? பாண்டிய நாட்டுச் செம்புக்கும், சோழநாட்டு ஐம்பொன்னுக்கும், வைகைக் காசுக்கும் அம்முனைப்பு ஏன் எழுவதில்லை? கீழடியின் முதலிரண்டு அகழ்வுகளைப் பற்றி 2023 சனவரியில் கையளிக்கப்பட்ட 982 பக்க அறிக்கையைத் திருத்தித் தருமாறு 2025 மே திங்களில் திருப்பியனுப்பிய துறை, அதே மே திங்களில்தான் பிப்ராவா மணிகளுக்காகத் துடித்தெழுந்தது. ஒரே திங்கள், ஒரே அரசு, இருவேறு விழி!

2009இல் காந்தியடிகளின் மூக்குக்கண்ணாடியும் செருப்பும் நியூயார்க்கில் ஏலம் போயின. மதுவை ஒழிக்கச் சொன்னவரின் பொருளை மதுவாலை முதலாளி ஒருவர் பதினெட்டு இலக்கம் டாலருக்கு எடுத்தார். பொருளுக்கும் அதன் பொருளுக்கும் உறவறுந்தால் இத்தகைய கூத்துகளே அரங்கேறும்.

மலையையே ஏலம்விட்ட கதை

சிலையை ஏலம்விட்டனர், காசை ஏலம்விட்டனர். ஈற்றில் மலையையே ஏலம்விட்டனர்!

மதுரை மாவட்டம் மேலூரை அடுத்தது அரிட்டாபட்டி. அதன் கழிஞ்சமலைக் குகையில் இரண்டாயிரம் ஆண்டுகட்கு முற்பட்ட தமிழிக் கல்வெட்டுகள் உள்ளன. சமணத் தீர்த்தங்கரர் புடைப்புச் சிற்பமும் வட்டெழுத்துக் கல்வெட்டும் உள்ளன. முற்காலப் பாண்டியர் குடைந்த சிவன் குடைவரை உள்ளது. 2022இல் தமிழக அரசு அப்பகுதியில் 193.42 எக்டேர் பரப்பைப் பல்லுயிர்ப் பெருக்கத் தலமாக அறிவித்தது. தமிழ்நாட்டில் அதுவே முதலாவது. அதை உள்ளடக்கிய 2015.51 எக்டேர் நிலத்தை, நாயக்கர்பட்டி டங்குசுடன் தொகுதி என்று பெயரிட்டு, 2024 நவம்பர் 7ஆம் நாள் நடுவணரசு ஏலத்தில் முடித்தது. எடுத்தது வேதாந்தா குழுமத்தின் இந்துசுதான் சிங்கு.

இலண்டன் ஏலப் பட்டியலில் 'தென்னிந்தியா' என்று எழுதி ஊரை மறைக்கின்றனர் என்றோம். இப்பட்டியலில் என்ன எழுதினர்? 'தொகுதி' என்று எழுதினர்! அரிட்டாபட்டி என்பது இல்லை, கல்வெட்டு என்பது இல்லை, சுனை இல்லை, வயல் இல்லை, மக்கள் இல்லை. இரண்டு ஏலங்களின் இலக்கணமும் ஒன்றே. முதலில் பெயரை அழி. பின்னர் விலையைக் கூறு!

ஆனால் இம்முறை ஊர் வாய்மூடி இருக்கவில்லை. சிற்றூர் தோறும் மக்கள் கூடினர். திசம்பர் 9ஆம் நாள் தமிழகச் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் இயற்றியது. 2025 சனவரி 7ஆம் நாள் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைத் தல்லாகுளம் வரை உழவரும் பெண்டிரும் இளைஞரும் ஆயிரமாயிரவராய் நடந்தனர். சனவரி 23ஆம் நாள் நடுவணரசு அவ்வேலத்தை நீக்கியது. சுத்தியல் விழுந்தபின்னும் ஏலத்தைத் திருப்பலாம் என்று மதுரைச் சீமை உலகுக்குக் காட்டியது. ஏன் முடிந்தது? அம்மலை யாருடையது என்று ஒவ்வோர் ஊரானுக்கும் தெரிந்திருந்தது. 'எங்கள் மலை' என்று சொல்ல ஆளிருந்தது. மேலமாசி வீதிக் கற்களுக்கு 1912இல் அவ்வொரு சொல்லைச் சொல்ல ஆளில்லை. வேறுபாடு அவ்வளவே.

செய்ய வேண்டுவன

தமிழர்களே! பழம்பெருமை பேசிக் கண்ணீர் விடுவதால் ஒரு காசும் திரும்பாது. ஆழ்வாரை மீட்டது அழுகை அன்று, ஒரு நிழற்படம். ஆகவே செயலுக்கு வாருங்கள்.

ஒன்று: உங்கள் ஊர்க் கோயிலின் செப்புத் திருமேனி, கற்சிற்பம், தேர்ச்சிற்பம், நடுகல், கல்வெட்டு ஒவ்வொன்றையும் முன்னும் பின்னும் பக்கமுமாய்ப் படமெடுங்கள். உயரம் அளந்து, நாளும் ஊரும் எழுதி, மூன்று இடங்களில் வைத்திருங்கள். இன்று ஒவ்வொருவன் சட்டைப்பையிலும் படக்கருவி இருக்கின்றது. 1957இல் பிரெஞ்சுக்காரர் செய்ததை இன்று நாம் செய்ய இயலாதென்றால் நமக்கு மானம் ஏது?

இரண்டு: உழும்போதோ, கடைக்கால் தோண்டும்போதோ பழம்பொருள் கிடைத்தால், அதைப் பெயர்க்காதீர், விற்காதீர், மறைக்காதீர். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து உருபாவுக்கு மேற்பட்ட மதிப்புடையதாயின் மாவட்ட ஆட்சியர்க்கு அறிவித்தல் கடமை. அரசு அதை எடுத்துக்கொண்டால் அதன் மதிப்பும் அதற்குமேல் ஐந்திலொரு பங்கும் கொடுக்க அச்சட்டம் இயற்றப்பட்டபோதே வழிவைத்தனர். கண்டெடுத்தவனுக்கு உரிய பரிசைக் காலந்தாழ்த்தாமல் கொடுக்குமாறு அரசை நெருக்குங்கள். உழவனுக்கு அரசு கொடுப்பது தாமதமானால் தரகன் கொடுப்பது முந்திக்கொள்ளும்.

மூன்று: வீட்டுப் பரணில் ஏட்டுச்சுவடி இருந்தால் அதைப் பழம்பொருள் வணிகனிடத்துக் கொடாதீர். எழுபத்தைந்து ஆண்டு கடந்த அறிவியல், வரலாற்று, இலக்கியச் சுவடிகளை 1972ஆம் ஆண்டுத் தொல்பொருட் சட்டம் பழம்பொருளென்றே கொள்கின்றது. ஏடு ஏலத்தில் போனால் சுவரில் மாட்டும் அழகுப் பொருள் ஆகும். படிப்பாரிடத்துப் போனால் நூல் ஆகும்.

நான்கு: தமிழக அரசு, உலகின் ஏலப் பட்டியல்களை நாள்தோறும் பார்த்து, தமிழகப் பொருள் தென்பட்டவுடன் எதிர்ப்புரைக்கத் தனிக்குழு அமைத்தல் வேண்டும். சிலைக்களவுத் தடுப்புக்கென 1983இல் காவற்பிரிவு அமைத்த அரசுக்கு இது அரிதன்று. போன பின் தேடுவதினும் போகும்போதே பிடிப்பது எளிது.

ஐந்து: மதுரைக் கல்மண்டபம் பிலடெல்பியாவில் நிற்பதை மதுரைப் பள்ளிகளின் பாடநூலில் சேருங்கள். மேலமாசி வீதியில் அதன் படத்தோடு ஒரு கல் நடுங்கள். மீட்க முடிகின்றதோ இல்லையோ, போனது இன்னதென்று அறியாத இனம், போகப்போவதையும் அறியாது.

சோழர் பெருவிலையில் நான்கெல்லையும் கூறி விற்றனர். நம் குலமுதலுக்கும் நான்கெல்லை உண்டு: செய்த கை, கிடந்த மண், வழங்கிய ஊர், வாழும் மக்கள். இந்நான்கெல்லையையும் எழுதி வையுங்கள். எல்லை எழுதப்பட்ட நிலத்தை எவனும் எளிதில் கவர முடியாது. எழுதாத நிலமே ஏலத்திற்குப் போகும்.

எழுதுங்கள்! இன்றே எழுதுங்கள்! சுத்தியல் ஓங்கிய கை ஓங்கியபடியே இருக்கின்றது.